ஆடியில் பதினேழு நாள்

கடலூர் முதுநகர்
14.11.2007

அன்பு அருள்மொழிக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்று கேட்டாக வேண்டும். நீ குடியிருக்கிற வீட்டின் கதவு என்ன நிறம்?

சிரிக்காதே. நேற்று சென்னையில் விசா நேர்காணல் முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள், பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒருவர். "உங்கள் மனைவி லெஸ்டரில் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார், சொல்லுங்கள்" என்றார்கள். செங்கல் வீடு என்றேன். அந்த ஊரில் எல்லாமே செங்கல் வீடுதானாம். எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிப்ட் வேலை என்றேன். என்ன ஷிப்ட்? தெரியாது. நன்றாகச் சமைப்பாரா? அதுவும் தெரியாது. புதுப் பெண் என்று அம்மா உன்னை அடுப்படிக்கே விடவில்லை. கல்யாணமாகி நாலு மாதத்தில் பெண்டாட்டிக்குச் சமைக்க வருமா என்று தெரியாதவன் இந்தக் கடலூர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இத்தனைக்கும் நான் கம்பெனி லேபில் ஒரு சாம்பிள் வந்தால் பத்து சோதனை செய்யாமல் கையெழுத்துப் போட மாட்டேன். உன்னைப் பற்றி ஒன்றுமே கேட்டுக்கொள்ளாமல் தாலி கட்டியிருக்கிறேன். பெண் பார்த்த அன்று நீ காப்பி கொடுத்தாய், நான் குடித்தேன், அவ்வளவுதான் நமக்குள் நடந்த விசாரணை.

இன்னொன்றும் கேட்டார்கள். ஜூலை எட்டாம் தேதி கல்யாணம், ஆகஸ்ட் மூன்றாம் தேதி அவர் விமானம் ஏறினார், அதுவரை எங்கே இருந்தீர்கள் என்று. உள்ளதைச் சொன்னேன். ஒன்பது நாள் கடலூரில் எங்கள் வீட்டில். அப்புறம் ஆடி பிறந்துவிட்டது, அவுங்க அம்மா வந்து சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள், நான் இங்கேயே இருந்தேன். சிதம்பரம் எவ்வளவு தூரம் என்றார்கள். நாற்பத்தைந்து கிலோமீட்டர். பஸ் இருக்கிறதா? பத்து நிமிஷத்துக்கு ஒன்று. அந்த அம்மாள் டைப் அடிப்பதை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தார். ஆடியில் புது ஜோடி சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பதால் பிரித்து வைப்பார்கள் என்று விளக்க வாயெடுத்தேன். ஒரு பெண்மணியிடம் இதை எப்படிச் சொல்வது? வழக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது கூடத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கேள்விகளைக் கடிதத்திலேயே கேட்கிறேன். வேலை முடிந்து வந்ததும் முதலில் என்ன செய்வாய்? பஸ்ஸில் போவாயா, நடந்தா? கோபம் வந்தால் பேசுவாயா, பேசாமல் இருப்பாயா?

எழிலன்

லெஸ்டர்
2.12.2007

எழிலன் அவர்களுக்கு,

கோபம் வந்தால் பேசுவேன். இப்போது பேசுகிறேன்.

விசா இல்லை என்று அவர்கள் அனுப்பிய தாளின் நகலை இங்குள்ள வக்கீலிடம் காட்டினேன். ஏழாவது பத்தியைப் படித்தீர்களா? மனைவி எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 3 வரை இருவரும் சேர்ந்து வாழ்ந்ததாக இருக்கிறது, கணவர் ஒன்பது நாள்தான் என்கிறார், பஸ் வசதி இருந்தும் பதினேழு நாள் தாங்களாகவே பிரிந்து இருந்திருக்கிறார்கள், ஆகவே இவர்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழும் எண்ணம் உள்ளவர்கள் என்று நம்ப முடியவில்லை. இதுதான் எழுதியிருப்பது. உங்களுக்கு என் வீட்டைப் பற்றித் தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று உங்களை யார் சொல்லச் சொன்னது?

எட்டு வருஷத்துக்கு முன்னால் நர்சிங் முடித்துவிட்டு இந்த ஊருக்குத் தனியாக வந்தேன். போன வருஷம் இந்த நாட்டு பாஸ்போர்ட் வாங்கினேன். சிதம்பரம் கனகசபை நகரில் பிறந்து வளர்ந்தவள், என் கல்யாணத்துக்கு விசா வாங்கிக்கொண்டுதான் ஊருக்கு வர முடிந்தது. அப்போதெல்லாம் வாயைத் திறக்கவில்லை. கட்டிய புருஷனை என்னிடம் அனுப்ப மாட்டேன் என்கிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

கதவு பச்சை. சாயம் போன பச்சை. மாடியில் ஒரு அறை எனக்கு, கீழே ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ். காலை ஷிப்ட் ஏழு மணிக்கு, நடந்தே போவேன். வேலை முடிந்து வந்தால் முதலில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவேன். ரசம் நன்றாக வைப்பேன். சாம்பார் வராது.

அருள்மொழி

கடலூர் முதுநகர்
15.12.2007

அன்பு அருள்மொழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சாம்பார் வராது என்ற வரிதான் ஆறுதல்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். நீ ஒரு வாக்குமூலம் எழுதியிருக்கிறாய் என்பதே அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு நகல் அனுப்பியிருந்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கலாம். அல்லது நீயாவது உள்ளதை எழுதியிருக்கலாம். என்னைப் பொய்யன் என்று எழுதியிருந்தால்கூட வருத்தமில்லை. எண்ணம் இல்லாதவன் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. லேபில் எல்லோர் முன்னாலும் வந்தது.

அதற்குள் அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "வீட்டோட மாப்ளையாப் போறவன் உண்டு, நாட்டோட மாப்ளையாப் போறவன் நீதாண்டா. அங்கேயும் வேணாம்னுட்டாங்களா" என்று ஷிப்ட் இன்சார்ஜ் கிண்டல் செய்தார். சிரித்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள் சுருக்கென்றது.

நீ பொய் சொல்கிறவள் இல்லை. ஏன் அப்படி எழுதினாய்? இதைக் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

எழிலன்

லெஸ்டர்
6.1.2008

எழிலன் அவர்களுக்கு,

அப்பீல் போட்டாகிவிட்டது. ஏப்ரலில் பர்மிங்காமில் விசாரணை. நீங்கள் வர முடியாது, நான்தான் நிற்க வேண்டும்.

வக்கீல் சொன்னது: ஒன்று, ஆடி வழக்கம் என்றால் என்ன, பிரித்து வைத்தது யார் என்று பெரியவர்கள் நோட்டரி முன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இரண்டு, அந்தப் பதினேழு நாளில் நாம் சந்தித்ததற்கு ஏதாவது சாட்சி இருந்தால் கொடுக்க வேண்டும். மூன்று, கடிதம் ஒன்றையும் கிழிக்கக் கூடாது, எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கோர்ட்டில் வைப்பார்கள். ஆக, போன கடிதத்தில் நான் போட்ட சண்டையையும் ஒரு ஜட்ஜ் படிக்கப் போகிறார்.

இரண்டாவதுதான் சங்கடம். சாட்சி இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஜூலை 22, பிச்சாவரம். படகுக்காரர் எடுத்த போட்டோவில் தேதியே விழுந்திருக்கிறது. ஆனால் அன்று அண்ணாமலை நகரில் என்னோடு படித்தவளைப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் ஷிப்ட் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள். இப்போது என் அம்மா கையெழுத்துப் போடுகிற அதே பேப்பரோடு அந்தப் போட்டோவும் போகப்போகிறது. அவர்களுக்குத் தெரியாமல் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் நேரில் போய்ச் சொல்வீர்களா?

ஏன் எழுதினேன் என்று கேட்டீர்கள். அடுத்த கடிதத்தில்.

அருள்மொழி

கடலூர் முதுநகர்
27.1.2008

அன்பு அருளுக்கு,

சொல்லிவிட்டேன். உயிரோடுதான் இருக்கிறேன்.

நேற்று குடியரசு தின லீவு. பஸ்ஸில் போகும்போது எப்படி ஆரம்பிப்பது என்று புதுச்சத்திரம் வரைக்கும் ஒத்திகை பார்த்தேன். போனதும் எல்லாம் மறந்துவிட்டது. உன் அம்மா டிபன் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள்.

"அத்தை, ஆடிக்கு நீங்கதான் அருள கூட்டிட்டுப் போனீங்கன்னு ஒரு பேப்பர் எழுதித் தரணுமாம்."

"இதெல்லாமா எழுதிக் குடுப்பாங்க? ஊரு ஒலகத்துல எல்லாரும் பண்றதுதானே மாப்ள."

"அவுங்க ஊர்ல பண்றதில்ல அத்தை."

அப்புறம் போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். என்றைக்கு எடுத்தது என்று கேட்டார்கள். போன ஆடி ஆறாம் தேதி என்றேன். நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எம் பொண்ணு எங்கிட்ட பொய் சொல்லிட்டுப் போயிருக்கு" என்றார்கள். திரும்பவும் போட்டோவைப் பார்த்தார்கள். "அது சரி, ஏன் ரெண்டு பேரும் இப்டித் தள்ளித் தள்ளி ஒக்காந்திருக்கீங்க? இதப் பாத்து எவன் நம்புவான்?"

போட்டோவில் அது எப்படித் தெரிகிறது என்று நானும் அப்போதுதான் கவனித்தேன். நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம். ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருக்கிறோம்.

சாயங்காலம் அவர்களையும் அழைத்துக்கொண்டு கடலூர் வந்தேன். எங்கள் அம்மாவும் கூட வந்தார்கள். லீவு நாள் என்பதால் நோட்டரி லூர்துசாமி வக்கீல் தன் வீட்டிலேயே டைப் அடித்துத் தருகிறேன் என்றார். ஆடியில் ஏன் பிரிக்க வேண்டும் என்பதை இங்கிலீஷில் எழுத அவர் பட்ட பாடு இருக்கிறதே. "எங்க வீட்லயும்தான் ஆடியில நல்லது எதுவும் வைக்க மாட்டோம். ஏன்னு கேட்டா நான் எங்க போவேன்?" என்றார். இரண்டு அம்மாக்களும் மாற்றி மாற்றிச் சொல்ல, சித்திரை, வெயில், பிரசவம் எல்லாம் ஒருவழியாகப் பேப்பரில் ஏறியது. நான் கண்ணாடி முன் சொல்ல வெட்கப்பட்டதை அவர்கள் ஒரு வக்கீலிடம் கூச்சமே இல்லாமல் சொன்னார்கள்.

கடைசியில் அவர் கேட்டார்: "இத முடிவு பண்ணது யாருன்னு போடட்டும்?"

"நாங்கதான். ரெண்டு அம்மாவும்."

"பொண்ணு மாப்ளைய கேட்டீங்களா?"

உன் அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். "கேக்கலியே" என்றார்கள். அதையும் அவர் டைப் அடித்துக்கொண்டார்.

பேப்பரை நேற்றே கூரியரில் போட வேண்டுமென்று நினைத்தேன், கடை மூடிவிட்டான். நாளைக்குப் போகும்.

எழிலன்

லெஸ்டர்
17.2.2008

அன்புள்ள எழிலனுக்கு,

பேப்பர் வந்தது. "கேக்கலியே" என்று அம்மா சொன்னதைப் படித்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். அன்று முழுக்க வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

ஏன் எழுதினேன் என்று இப்போது சொல்கிறேன். படிவத்தில் அந்த இடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. என் வார்டில் இருபத்திநாலு பேர். இவருக்கு இந்த ஊசி கூடாது என்று பெரிய டாக்டரிடமே சொல்வேன். அப்படிப்பட்டவள் ஜூலை பதினாறாம் தேதி அம்மா வந்து "கெளம்பும்மா" என்றதும் மறுபேச்சுப் பேசாமல் காரில் ஏறினேன். எனக்கு வயது முப்பது. கல்யாணத்துக்குப் பிறகு லீவில் மிச்சம் இருந்ததே இருபத்தாறு நாள், அதில் பதினேழு நாளைக் கொடுத்துவிட்டு ஏறினேன். அதை இங்கிலீஷில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் எப்படி நடந்திருக்க வேண்டுமோ அப்படி எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதையும் ஜட்ஜ் படிக்கட்டும். கார் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். நீங்கள் என் பையை டிக்கியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இவருக்கு நான் போவதில் ஒன்றுமில்லை போல என்று நினைத்தேன். பிச்சாவரத்தில் தள்ளி உட்கார்ந்ததும் அதனால்தான். ஒரு வார்த்தை, இருக்கட்டுமே அத்தை என்று ஒரே ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேன்.

நீங்கள் என்னிடம் இதுவரை முப்பது கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏன் சிரித்தீர்கள்?

அருள்மொழி

கடலூர் முதுநகர்
1.3.2008

அருளு,

தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. உன் அம்மா, என் அம்மா, பக்கத்து வீட்டு சின்னம்மாள் அக்கா, எல்லோரும். முகத்தைத் தொங்கப் போட்டால் "மாப்ளைக்கு இப்பவே ஏக்கம் பாரு" என்பார்கள். அதற்குப் பயந்து சிரித்தேன்.

உன்னை இருக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்பதே அன்று எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் பழகிய ஒரு பெண், படித்தவள், வெளிநாட்டில் வேலை பார்ப்பவள், அவள் அவளுடைய அம்மாவோடு போகிறாள். நான் யார் தடுக்க என்று நினைத்தேன். உனக்கும் போகத்தான் விருப்பம் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். இந்த ஆள் ஊரில் உள்ளதையெல்லாம் கேட்பான், கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டான்.

கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள், வயிறு சரியில்லை என்றேன். ஆறாவது நாள் தாங்க முடியாமல்தான் உன் செல்லுக்குப் போன் செய்து பிச்சாவரத்துக்கு வரச் சொன்னேன். படகில் நீ தள்ளி உட்கார்ந்தாய். உனக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் தள்ளிக்கொண்டேன்.

உன்னோடு இருக்க வேண்டும் அருளு. லெஸ்டரோ லண்டனோ எனக்கு ஒன்றுமில்லை. அங்கே லேப் வேலை கிடைக்காமல் மூட்டை தூக்கினாலும் சரி. ஜட்ஜ் ஐயா, இதை நன்றாகக் குறித்துக்கொள்ளவும்.

எழிலன்

லெஸ்டர்
20.4.2008

அன்புள்ள எழிலனுக்கு,

வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்தது. தீர்ப்பு தபாலில்தான் வருமாம். நடந்ததைச் சொல்கிறேன்.

சின்ன அறை. ஜட்ஜுக்கு அறுபது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி. முன்னால் நம் கடிதங்கள், மொழிபெயர்ப்போடு. ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள் துண்டுத்தாள் ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அரசாங்கத் தரப்பு ஆள் எழுந்து, "உங்கள் வாக்குமூலத்தில் இருப்பது பொய், அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். என் வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏன் என்று கேட்டார்கள். உங்களுக்கு எழுதியதையே சொன்னேன். காரில் ஏறியதை, வெட்கப்பட்டதை. சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஜட்ஜ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அம்மாவின் பேப்பரை ஜட்ஜ் ரொம்ப நேரம் படித்தார். பிறகு போட்டோவை எடுத்துப் பார்த்தார். அம்மா சொன்ன மாதிரியே அவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்: "நாளைக்கே உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் மறுபடியும் பிரிந்திருக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?"

பிரிந்திருக்க மாட்டோம் என்றேன். மாட்டேன் என்று இல்லை, மாட்டோம் என்று. உங்களைக் கேட்காமல் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அம்மா செய்ததையே நானும் செய்துவிட்டேனோ என்று ரயிலில் வரும்போது தோன்றியது. அது தப்பு என்றால் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அருள்மொழி

கடலூர் முதுநகர்
20.7.2008

என் அருளுக்கு,

வழக்கு ஜெயித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. இனி எந்த ஜட்ஜும் இதைப் படிக்கப்போவதில்லை. ஆனாலும் கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு போனில் சொல்கிற விஷயம் இல்லை இது.

வியாழக்கிழமை சென்னைக்குப் போய் விசா குத்திய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்தேன் என்று நேற்று நீ போன் செய்தபோது சொன்னேன். எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கி "ஆவணி பொறக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டார்கள். நீ "சரிங்க அத்தை" என்று வைத்துவிட்டாய். உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று காலையில் உன் அம்மாவும் வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை, நல்ல நாள் என்று முடிவே செய்துவிட்டார்கள். ஆடியில் பயணமே கூடாது, அதுவும் பெண்டாட்டியிடம் போகிற பயணம்.

"ஒரு வருசம் இருந்துட்டீங்க, இன்னும் ஒரு மாசந்தானே மாப்ள" என்றார்கள் உன் அம்மா.

"அந்த ஒரு வருசம் எப்டி வந்துச்சு அத்தை?" என்றேன். "அந்தப் பதினேழு நாளாலதான வந்துச்சு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எங்கள் அம்மா, "பெரியவங்ககிட்ட என்னடா பேச்சு இது" என்று ஆரம்பித்தார்கள். உன் அம்மா அவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். பஞ்சாங்கத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க என்ன நெனைக்கிறீங்க மாப்ள?" என்றார்கள்.

கல்யாணம் பேசின நாளிலிருந்து இதுவரைக்கும் எங்கள் வீட்டிலோ உங்கள் வீட்டிலோ யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"ஆடியிலேயே போறேன் அத்தை" என்றேன்.

எங்கள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள். இன்னும் பேசவில்லை, போவதற்குள் பேசிவிடுவார்கள். உன் அம்மா அழுதார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் என்றைக்கு எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். மத்தியானமே போய் எடுத்துவிட்டேன்.

ஜூலை முப்பத்தொன்று, ஆடி பதினாறு, வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹீத்ரோவில் இறங்குகிறேன். நீ ஜட்ஜிடம் சொன்னதில் தப்பே இல்லை. லீவு போட்டுவிட்டு வந்து நில்.

எழிலன்